முதல் மிதிக்கு வராத வலு

மாசாணம் ஓட்டிய பேருந்து கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோயமுத்தூருக்குப் போகும். அந்தத் தடத்தில் அவர் காலத்தில் முதலாளிகள் மாறினார்கள், வண்டிகள் மாறின, டிரைவர் மட்டும் மாறவில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கியவர். குடும்பத்தில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவர் மாசாணம்தான். அந்தப் பெருமை ஐம்பத்தாறு வயதிலும் அவர் உட்காரும் விதத்திலேயே தெரியும்.

அந்த ஐப்பசியில் கிளச் கனக்கத் தொடங்கியது. காலையில் வண்டியை எடுக்கும்போது கால் கீழே போகவே மாட்டேன் என்றது. பல்லைக் கடித்து இரண்டு மூன்று முறை மிதித்தால் அதற்கப்புறம் எளிதாகிவிடும். டீ குடிக்க இறங்கி ஏறினால் மறுபடியும் பழைய கதை. மெக்கானிக் கிளச்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "புது வண்டி மாதிரி இருக்குதுங்ண்ணா, இதுல ஒரு கோளாறும் இல்லீங்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப கோளாறு உங்ககிட்டத்தான் இருக்கோணும்" என்று கண்டக்டர் நிஜாம் சிரித்தான். ஆனால் சில நாளிலேயே சிரிப்பு நின்றுபோனது. புளியம்பட்டி நிலையத்தில் இறங்கிய மாசாணத்தால் திரும்ப டிரைவர் சீட்டுக்கு ஏற முடியவில்லை. நிஜாம் பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டான்.

பிறகு அன்னூரில் ஒரு காலை. நிலையத்தைவிட்டு வண்டி கிளம்பிய வேகத்தில் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தது. மாசாணம் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஆனால் அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, ஒரு முழம் தள்ளி நின்றது. ஸ்கூட்டர்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போய்விட்டார். பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. மாசாணம் மட்டும் அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர் வரைக்கும் ஓட்ட வேறு டிரைவரை வரச் சொல்லிவிட்டு, சாவியை நிஜாமிடம் கொடுத்தார்.

"ஏனுங்ண்ணா, ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலடா. ஆனா என்னமோ இருக்குது. அது என்னன்னு தெரியாம இனி இதுல உக்கார மாட்டேன்."

அந்த 'என்னமோ' என்னவென்று கண்டுபிடிப்பது லேசாக இல்லை. வாய் எந்நேரமும் வறண்டுபோய், தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்ததால் முதலில் சர்க்கரை நோய் என்றார்கள். பரிசோதித்தால் சர்க்கரை சரியாக இருந்தது. அடுத்து முதுகுத் தண்டை ஸ்கேன் எடுத்தார்கள். டிரைவர் வேலை, இந்த வயது, எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகி, இடுப்புக்குப் பட்டை கொடுத்து அனுப்பினார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படுத்தும் கால் தேறவில்லை. உடம்பு இளைத்தது. கட்டிலிலிருந்து எழ மனைவி பொற்கொடி கைகொடுக்க வேண்டியிருந்தது.

"முதுகு நோவுதுங்களா உங்களுக்கு?" என்று ஒரு நாள் பொற்கொடி கேட்டாள்.

"இல்லியே."

"ஒரு நாளாவது நொந்துச்சா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"நோவாத முதுகுக்கு எதுக்குங்க பட்டை? கெளம்புங்க, கோயமுத்தூர் போலாம்."

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவில் டாக்டர் உஸ்மா இருந்தார். நாற்பதைத் தொடாத வயது. பேச்சைவிடப் பார்ப்பது அதிகம். மாசாணம் கொண்டுபோன ஸ்கேன் படங்களை அவர் உறையைவிட்டு எடுக்கவேயில்லை.

"முதல்ல நீங்க சொல்லுங்ண்ணா, அப்புறம் அதைப் பாக்கறேன்."

மாசாணம் கிளச் கதையைச் சொன்னார். முதல் மிதிக்குக் கால் வராது, மிதிக்க மிதிக்கச் சரியாகும் என்றபோது உஸ்மா எழுதுவதை நிறுத்தினார்.

"மிதிக்க மிதிக்க மோசமாகுதா, சரியாகுதா?"

"சரியாகுதுங்க. சித்த நேரத்துக்குத்தான். அப்புறம் பழையபடி ஆயிரும்."

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. களைச்சுப்போயி மோசமாகலையா?"

"இல்லீங்க டாக்டரம்மா. அதுதான் எனக்கே வெளங்கல. வேலை செஞ்சா கால் ஓயோணும். இது வேலை செஞ்சாத்தான் முழிக்குது."

உஸ்மா அவரை உயரமான மேசையில் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொன்னார். சிறு ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. இன்னொரு காலிலும் அப்படித்தான். பிறகு தன் உள்ளங்கையை அவர் கணுக்காலுக்கு முன்னால் வைத்து, "இதை முழு பலத்தோட உதைங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றார். மாசாணம் முகம் சிவக்க உதைத்தார். "போதும், விடுங்க" என்ற கையோடு உஸ்மா மறுபடியும் அதே இடத்தில் தட்டினார்.

கால் துள்ளி முன்னால் போனது.

பொற்கொடி "அய்யோ" என்றாள். மாசாணம் தன் காலையே வேற்று ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உஸ்மாவின் முகத்தில், டாக்டர்கள் முகத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத ஒரு வெளிச்சம் வந்தது.

"இன்னொரு தரம் தட்டுங்க" என்றார் மாசாணம்.

சற்று நேரம் காத்திருந்து தட்டினார். கால் மறுபடியும் செத்துக் கிடந்தது. உதைக்கச் சொல்லித் தட்டினார். துள்ளியது.

"இதென்னங்க இது, வித்தை மாதிரி?"

"எனக்கு என்னன்னு சந்தேகம் இருக்குதுங்ண்ணா. ஆனா நானே இதுக்கு முன்ன ஒரே ஒருத்தர்கிட்டத்தான் இதைப் பாத்திருக்கேன். உறுதிப்படுத்திட்டுச் சொல்றேன்."

அன்றே கையில் மின்கம்பிகளை ஒட்டி நரம்புச் சோதனை செய்தார்கள். சுண்டுவிரல் நரம்பில் சுருக்கென்று மின்சாரம் பாய, திரையில் ஒரு சிறிய மேடு எழுந்தது. விரலை நன்றாக இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி கொடுத்தபோது அதே மேடு மலைபோல எழுந்தது. வலித்தாலும் மாசாணம் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

பிறகு உஸ்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பீடியா, சிகரெட்டாங்ண்ணா?"

"ரெண்டுந்தானுங்க. கிளீனரா இருந்த காலத்துலயே பழகிப்போச்சு." சொல்லிவிட்டுப் பொற்கொடியைப் பார்த்தார்.

"சரி. நான் கேட்டது குத்தம் சொல்றதுக்கில்ல. உங்களுக்கு வந்திருக்கிறதுக்கு ரெண்டு டாக்டருங்க பேரைச் சேத்து லாம்பர்ட் ஈட்டன்னு பேரு. நரம்பு, தசைக்கு ஒரு ரசாயனத்தை விட்டாத்தான் தசை வேலை செய்யும். அதை விடறதுக்கு நரம்போட நுனியில வாசல் மாதிரி இருக்கும். அந்த வாசல்களை, நோயை எதிர்க்கிற உங்க ஒடம்போட காவல்சக்தியே அடைச்சுப்போட்டுது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும்போது அந்த ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா சேந்து வெளிய வருது. அதுதான் நீங்க பாத்த வித்தை."

"என்னோட காவல் எதுக்குங்க என்னையவே அடிக்குது?"

உஸ்மா பேனாவை மூடி வைத்தார்.

"அதுதான் முக்கியமான கேள்வி. சில பேருக்குக் காரணமே தெரியாது. ஆனா புகை பிடிச்சவங்கள்ல நிறையப் பேருக்கு நுரையீரல்ல ஒரு வகைப் புற்றுநோய் ஒளிஞ்சிருக்கும். சிறு செல் புற்றுநோய்ன்னு சொல்வோம். அந்தச் செல்லு மேலயும் இதே வாசல் இருக்குது. ஒடம்பு அதைக் கண்டுபிடிச்சு அடிக்கப் போகுது. அடிக்கிற ஆயுதம் நரம்பையும் அதே சாதின்னு நினைச்சு அடிச்சுருது."

பொற்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாசாணம் கேட்டது வேறு.

"அப்ப நம்மளுக்கு முந்தியே ஒடம்புக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?"

"அப்படி ஒண்ணு இருந்தா, ஆமாங்ண்ணா. அதுக்கு முதல்ல தெரிஞ்சிருக்குது."

மறுநாள் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. நுரையீரல் புகைபிடித்தவரின் நுரையீரலாகக் கொஞ்சம் தேய்ந்திருந்தது, கட்டி எதுவும் தெரியவில்லை. பொற்கொடி ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினாள். ஆனால் அந்த வாசல்களை அடைக்கிறதா என்று உஸ்மா இரத்தத்தில் தேடச் சொன்ன எதிர்ப்புப் பொருள் நிறையவே இருந்தது. அந்த முடிவை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "தெரியலங்கறதுக்காக இல்லைன்னு அர்த்தமில்ல. ரொம்பச் சின்னதா இருந்தா ஸ்கேனுக்குத் தட்டுப்படாது. மூணு மாசம் கழிச்சுக் கண்டிப்பா வாங்க. மறுபடி தேடுவோம்."

நரம்பு நுனிக்கு உதவுகிற ஒரு மாத்திரையைச் சொல்லிவைத்து வரவழைத்துக் கொடுத்தார். அதோடு இரண்டு உத்தரவு. வண்டி ஓட்டக் கூடாது, புகை கூடாது.

முதல் உத்தரவு எளிது. இரண்டாவதற்கு மாசாணம் பட்ட பாடு வீட்டுக்கே தெரியும். கைக்கு வேலையில்லாமல் கொத்தமல்லி விதையை வாயில் போட்டுப் போட்டு மென்றார். காரணமில்லாமல் பொற்கொடியிடம் எரிந்து விழுந்தார். ஒரு வாரம் தோற்று, மறுவாரம் ஜெயித்து, ஒருவழியாக விட்டுவிட்டார்.

மாத்திரைக்குக் கால் கேட்டது. கட்டிலிலிருந்து தானே எழுந்தார், வாசல்வரை நடந்தார். தினமும் காலையில் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தோசைக் கரண்டியின் காம்பால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சுவரை உதைப்பார், தட்டுவார், துள்ளுகிறதா என்று பார்ப்பார்.

"அந்தக் கரண்டியில நான் தோசை சுடோணும். குடுங்க இப்புடி" என்று பொற்கொடி பிடுங்கிக்கொண்டு போவாள். ஒருமுறை அவளும் உட்கார்ந்து தன் முழங்காலைத் தட்டச் சொன்னாள். முதல் தட்டிலேயே கால் எகிறி அவர் தாடையில் பட்டது. பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் கண்ணில் நீர்வரச் சிரித்தார்கள்.

கால் தேறியதைப் பார்த்தவர்களுக்கு மறு ஸ்கேன் வீண்வேலையாகத் தெரிந்தது. முதலாளி போனில், "ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சில்ல மாசாணம்? எப்பத்திக்கு வண்டிக்கு வாரீங்க?" என்றார். பொற்கொடிக்கே பயம் வந்துவிட்டது.

"தோண்டித் தோண்டிப் பாத்து எதையாச்சும் கெளப்பிப்போடுவாங்களோன்னு இருக்குதுங்க. நல்லாத்தான இருக்கறீங்க? உட்டுறலாமே."

மாசாணம் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டே பேசினார். "என்ர ஒடம்பு யாரையோ அடிச்சிட்டிருக்குது புள்ள. சும்மா அடிக்காது. யாரைன்னு எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா நாமளும் சேந்து அடிக்கலாமில்ல?"

பொற்கொடி பையை எடுத்து வைத்தாள்.

இந்த முறை எடுத்தது வேறு வகை ஸ்கேன். ஊசி வழியாக ஒரு சர்க்கரைக் கரைசலை ஏற்றிப் படுக்கவைத்தார்கள். எங்கே செல்கள் அளவுக்கு மீறித் தின்கின்றனவோ அங்கே ஒளிரும். மூச்சுக்குழல் பிரிகிற இடத்தருகே, இடப்பக்கம், ஒரு புள்ளி ஒளிர்ந்தது. சுண்டைக்காய் அளவுக்கு நெறிகட்டியதுபோல ஒன்று. அங்கே தவிர வேறெங்கும் இல்லை.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, அந்த நெறிக்குள் ஊசி குத்தி எடுத்தார்கள். சில நாளில் முடிவு வந்தது. சிறு செல் புற்றுநோய்.

பொற்கொடி அழுதாள். மாசாணம் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பயம் இல்லாமலில்லை. ஆனாலும் மாதக்கணக்காக உள்ளே உழன்ற ஒரு கேள்வி அடங்கியதையும் உணர்ந்தார். இந்த நேரத்தில் இப்படித் தோன்றலாமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

புற்றுநோய்ப் பிரிவில் டாக்டர் கோவிந்தராஜுலு பெரியவர், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. படத்தைத் திரையில் காட்டினார்.

"ஆபரேஷன் பண்ணி அந்தச் சுண்டைக்காயை மட்டும் எடுத்துப்போடக் கூடாதுங்களா?" என்று மாசாணம் கேட்டார்.

"இந்த வகை வேகமா வளரும், வேகமாப் பரவும். கண்ணுக்குத் தெரியறதை வெட்டினா தெரியாதது நிக்கும். அதனால ரத்தத்துல போற மருந்தும், அந்த இடத்துக்குக் கதிர்வீச்சும், ரெண்டையும் சேத்தே குடுப்போம். வேகமா வளர்றதுனாலயே மருந்துக்கும் சீக்கிரமாக் கரையும்."

"கரைஞ்சா முடிஞ்சுதுங்களா?"

"அதைத்தான் நான் சத்தியம் பண்ண முடியாது. நெறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்குது. ஆனா இந்த நோயில எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஒடம்பெல்லாம் பரவின பொறவுதான் வாராங்க. உங்களுக்கு ஒரே இடத்துல இருக்கறப்பவே கிடைச்சிருக்குது. உங்க கால் காட்டிக்குடுத்திருக்குது."

மாசாணத்துக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கேட்பதற்குச் சரியான ஆள் உஸ்மாதான் என்று தோன்றி, அன்றே மாடியேறி அவரைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, என்ர காவல் அதை அடிக்கறதுனாலதான் கால் போச்சுங்கறீங்க. அந்தக் காவலை அடக்கிக் காலைச் சரி பண்ணினா, அந்தச் சனியன் தப்பிச்சுக்காதுங்களா?"

உஸ்மா சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டார். "அதனாலதான் காவலை அடக்கற பலமான மருந்தை நான் ஆரம்பிக்கவே இல்லீங்ண்ணா. நீங்க சாப்பிடற மாத்திரை நரம்புக்கு மட்டுந்தான் உதவும், காவலைத் தொடாது. முதல்ல புற்றை அடிப்போம். அது சுருங்கினா கால் தானா தேறும்னு எதிர்பாக்கறேன்."

"எதிர்பாக்கறீங்களா, தெரியுமுங்களா?"

"எதிர்பாக்கறேன். நிறையப் பேருக்கு அப்படி ஆயிருக்குதுன்னு படிச்சிருக்கேன். உங்களுக்கு ஆகுதான்னு நானும் பாக்கோணும்."

அந்த நேர்மை மாசாணத்துக்குப் பிடித்திருந்தது.

சிகிச்சை எளிதாக இல்லை. மருந்து ஏறுகிற நாட்களில் வாந்தி, காதில் இடைவிடாத ரீங்காரம். முடி கொட்டியது, மீசையும் போனது. கதிருக்கு நெஞ்சில் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பச்சை குத்தினார்கள். தினமும் அதே புள்ளிகளை ஒளிக்கோட்டோடு பொருத்திவிட்டு எல்லோரும் அறையைவிட்டு வெளியேற, இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டு சுற்றிவரும். பாதி நாட்கள் கடந்ததும் உணவுக்குழாய் புண்ணாகி, தண்ணீர் இறங்கினாலே கண்ணாடித் தூளை விழுங்குவதுபோல வலித்தது. அரிசியும்பருப்புச் சோற்றைக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, கூழாக மசித்துப் பொற்கொடி கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்க ஒரு படம் பார்க்கிற நேரம் ஆகும்.

ஒரு நாள் அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "போதும் புள்ள. இனி என்னால ஆகாது. நாளைக்கிப் போகல."

பொற்கொடி கெஞ்சவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க. ஆனா காலைத் தட்டிப் பாத்தீங்களா இப்ப?" என்று கேட்டாள். வாந்தியும் வலியுமாக அவர் அதை மறந்தே போயிருந்தார். அவள் போய்க் கரண்டியை எடுத்துவந்து, உதைக்கச் சொல்லாமலேயே, முழங்காலுக்குக் கீழே தட்டினாள்.

கால் மெல்ல, ஆனால் தானாகவே, முன்னால் வந்தது.

"அந்தக் காலைத் தட்டு" என்றார் மாசாணம். அதுவும் வந்தது.

மறுநாள் போனார்.

கடைசி மருந்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் அந்த ஒளி இல்லை. மூளைக்குப் பரவாமலிருக்கத் தலைக்கும் கதிர் கொடுக்கலாமா என்று கோவிந்தராஜுலு விளக்கமாகப் பேசினார். நன்மை இன்னது, ஞாபகத்துக்கு வரக்கூடிய கேடு இன்னது என்று இரண்டையும் சொன்னார். மாசாணமும் பொற்கொடியும் யோசித்து, கதிர் வேண்டாம், குறித்த காலத்தில் தலையை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்போம் என்று முடிவெடுத்தார்கள். சரியா தவறா என்று யாருக்கும் தெரியாது. டாக்டரும் தெரியாது என்றே சொன்னார்.

இதெல்லாம் நடந்து இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. இதுவரை எடுத்த ஸ்கேன்கள் சுத்தமாக இருக்கின்றன. கால் முழுதாகத் தேறவில்லை. மாடிப்படியில் கைப்பிடி வேண்டும், காதில் ரீங்காரம் போகவில்லை. கனரக வண்டி ஓட்ட உஸ்மா சம்மதிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் பார்த்து அனுப்புகிற வேலையை முதலாளி கொடுத்திருக்கிறார்.

போன மாதம் கோயமுத்தூரில் ஸ்கேனுக்குப் போய்விட்டு, நிஜாம் கண்டக்டராக இருக்கிற அதே தடத்து வண்டியில் திரும்பினார்கள். முடிவு நாலு நாளில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பொற்கொடி ஜன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். கோவில்பாளையம் தாண்டியதும் மாசாணம் தலையை வெளியே நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"அது என்ன புள்ள, அந்த நீல நெறக் கட்டடம்?"

"பள்ளிக்கூடங்க. அது கட்டி வருசமாச்சு."

"அந்தக் கொளத்துல தண்ணி நிக்குமா?"

"மழைக்கு நிக்கும். ஏனுங்க, முப்பது வருசமா இதே ரோட்லதான போனீங்க?"

"ரோட்டைத்தான் பாத்தேன். பக்கத்துல பாக்கறதுக்கு எங்க நேரம்?"

அன்னூருக்கு முன்னால் ஒரு நிறுத்தம். சாலையிலிருந்து ஒரு மண்பாதை வாழைத் தோட்டத்துக்குள் வளைந்து மறைந்தது. அந்த நிறுத்தத்தில் அவர் எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. அவர்களெல்லாம் அந்த வளைவுக்கு அப்பால் எங்கே போனார்கள் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"எறங்கிப் பாக்கலாமா?" என்றார்.

"இங்கயா? இங்க நமக்கு யாருங்க இருக்கறா?"

"யாரும் வேண்டாம். அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பாத்துட்டு அடுத்த வண்டியில போலாம்."

நிஜாம் விசிலை வாயில் வைத்தபடி இருவரையும் பார்த்தான். பொற்கொடி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலில் இறங்கி, கையை நீட்டினாள். மாசாணம் அதைப் பிடித்துக்கொண்டு படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினார். வண்டி கிளம்பிப் போனது. இருவரும் வாழைத் தோப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.